6ஆம் வசனத்தை யார் வாசிப்பது?

நடுவர் அவர்களுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். மேசியாவாகிய இயேசுவின் மகிமையை நமக்கு அதிகம் உணர்த்துவது சிங்கமா, ஆட்டுக்குட்டியா? நான் ஆட்டுக்குட்டியின் பக்கம்.

எதிரணி அண்ணன் சொன்னார், "சிங்கம் வந்தால் ஊரே நடுங்கும், ஆட்டுக்குட்டி வந்தால் பிரியாணிக்கு அரிசி ஊறவைப்பார்கள்" என்று. நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரமாட்டேன்.

அண்ணே, வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தீர்கள். "யூதா கோத்திரத்துச் சிங்கம்" என்று 5ஆம் வசனத்தைக் கணீரென்று வாசித்தீர்கள். வாசித்த கையோடு வேதத்தை மூடிவிட்டீர்கள். 6ஆம் வசனத்தை யார் வாசிப்பது?

நான் வாசிக்கிறேன். ஏழு முத்திரை போட்ட புஸ்தகம். அதைத் திறக்க வானத்தில் ஆளில்லை, பூமியில் ஆளில்லை, பூமியின் கீழும் ஆளில்லை. இந்தத் தரிசனத்தைக் காண்கிற யோவான் மிகவும் அழுகிறார். மூப்பர் ஒருவர், "அழவேண்டாம், சிங்கம் ஜெயித்துவிட்டார்" என்கிறார். யோவான் பார்க்கிறார். எங்கே சிங்கம்? பிடரி இல்லை, கெர்ச்சிப்பு இல்லை. சிங்காசனத்துக்கு நடுவே, அடிக்கப்பட்ட வண்ணமாய் ஒரு ஆட்டுக்குட்டி நிற்கிறது! அடிக்கப்பட்டது எப்படி நிற்கும்? உயிர்த்தெழுந்ததால் நிற்கிறது அண்ணே! அதற்குப் பிறகு வெளிப்படுத்தின விசேஷம் முடியும்வரை மேசியாவைச் சிங்கம் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டியானவர் என்றோ இருபது தடவைக்கு மேல் சொல்கிறது. நடுக்கம் வேண்டுமா? அடுத்த அதிகாரத்தைப் புரட்டுங்கள். பூமியின் ராஜாக்கள் குகைக்குள் ஒளிந்துகொண்டு, "எங்கள்மேல் விழுங்கள்" என்று மலைகளைப் பார்த்துக் கெஞ்சுகிறார்கள். யாருடைய கோபத்துக்குப் பயந்து? ஆட்டுக்குட்டியானவருடைய கோபத்துக்கு! அங்கே யார் அண்ணே அரிசி ஊறவைத்தது?

இப்போது எகிப்துக்கு வாருங்கள். யாத்திராகமம் 12. எகிப்தின் தலைச்சன் பிள்ளைகளெல்லாம் ஒரே ராத்திரியில் சாகப்போகிறார்கள்; ஒரு குட்டியின் ரத்தத்தை வாசலில் பூசிய இஸ்ரவேலர் வீடு மட்டும் தப்பும். பழுதில்லாத, ஒரு வயதுள்ள ஆண் குட்டி. பத்தாம் தேதி பிடித்துவரச் சொன்னார் கர்த்தர். அன்றைக்கே அடிக்கச் சொல்லவில்லை. பதினாலாம் தேதிவரை வைத்திருக்கச் சொன்னார். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும், மறுபடி சொல்கிறேன்: பத்தாம் தேதி பிடித்து, பதினாலாம் தேதிவரை வைத்திருக்க வேண்டும்!

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு மூத்த பையன். முதல்நாள் குட்டி மிரளும். இரண்டாம் நாள் அவன் கையிலிருந்து தழை தின்னும். மூன்றாம் நாள் அவன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடும். ராத்திரி அவன் பக்கத்தில்தான் படுக்கும். பதினாலாம் தேதி சாயங்காலம் அப்பா கத்தியோடு வருகிறார். "ஏன்பா? இது என்னப்பா பண்ணிச்சு?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கமாட்டானா? அப்பா என்ன சொல்லியிருப்பார்? "ஒண்ணும் பண்ணலைப்பா. இது போகலேன்னா இன்னைக்கு ராத்திரி நீ போயிடுவே."

அந்த ரத்தம்தான் நிலைக்கால்களில் ஏறியது. அந்தக் குட்டியின் ஒரு எலும்பையும் முறிக்கக்கூடாது என்று கட்டளை. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவில் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்களின் காலை முறித்த சேவகர், நடுவில் இருந்தவரின் காலைத் தொடவில்லை. யோர்தான் கரையில் யோவான் ஸ்நானன் கை நீட்டிச் சொன்னானே, "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று, அவர்தான் அவர்.

ஐயா, மணி கேட்டுவிட்டது, முடிக்கிறேன். மூத்த பிள்ளையைப் பெற்ற தாய்மார்களே, அந்த ராத்திரி எகிப்தெங்கும் கூக்குரல் கேட்கும்போது, உங்கள் பிள்ளையை மடியில் போட்டு, மூச்சு வருகிறதா என்று நெஞ்சில் கைவைத்துப் பார்த்திருந்தால், வாசலில் சிங்கத்தையா தேடியிருப்பீர்கள்? நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தீர்ப்பு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விடிந்ததும் தன் பிள்ளை கண் திறந்ததைப் பார்த்தாளே, அந்தத் தாயைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.