காகிதப்பூவுக்குள் ஒரு குடும்பப்பெயர்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் தெருவில் ஏதேனும் ஒரு மதில்மேல் கருஞ்சிவப்பாகச் சரிந்து கிடக்கும் காகிதப்பூவைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். நர்சரிக்காரர் அதைப் ‘போகன்வில்லா’ என்று சொல்லி விற்கும்போது, தம்மை அறியாமலே ஒரு பிரெஞ்சுக் கடலோடியின் குடும்பப்பெயரைச் சொல்கிறார்.

லூயி அந்துவான் த பூகன்வில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்தவர். அவருடன் சென்ற தாவரவியலாளர் கொம்மெர்சோன், பிரேசிலில் 1767ஆம் ஆண்டு கண்ட இக்கொடிக்குத் தம் தலைவரின் பெயரை இட்டார். இதழ்கள் என்று நாம் எண்ணும் அந்த மெல்லிய தாள்கள் உண்மையில் நிறமேறிய இலைகளே. அவற்றுள் ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தால் நடுவே ஒடுங்கிய சிறு வெண்குழல்கள் தெரியும், அவைதான் பூக்கள். கண்ணைப் பறிப்பது ஒன்று, பூவாக இருப்பது வேறொன்று. இந்தப் பெயரின் கதையும் அப்படித்தான் என்பதால் இதை மீண்டும் சொல்ல நேரும்.

1768இல் அந்தக் கடலோடி கரையோரமாகக் கடந்து சென்ற பசிபிக் தீவு ஒன்றும் பூகன்வில் ஆயிற்று. பிரெஞ்சுக் கடற்படையும் தன் கப்பல்களுக்கு அப்பெயரைச் சூட்டியது. அவற்றுள் ஒன்றின் முடிவை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1940 நவம்பர் 9ஆம் நாள், ஆப்பிரிக்காவின் காபோன் கரையில், ஜெர்மனியிடம் பணிந்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் பக்கம் நின்ற ‘பூகன்வில்’ கப்பலை, பணிய மறுத்த பிரெஞ்சுத் தளபதி டி கோல் பக்கம் நின்ற ‘சவோர்ன்யான் த பிராசா’ சுட்டு வீழ்த்தியது. இரண்டும் ஒரே வடிவில் கட்டப்பட்ட உடன்பிறப்புக் கப்பல்கள். அந்த வகைக்கே பூகன்வில் வகை என்றுதான் பெயர். ஆக, பூகன்வில்லை மூழ்கடித்ததும் ஒரு பூகன்வில்தான்! பிராசா என்பதும் ஒருவரின் குடும்பப்பெயரே. பிராசவில் நகரின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது. அது தனிக்கதை, விட்டுவிடுகிறேன்.

கடிகாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அமெரிக்கர்களைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 1943இல் பூகன்வில் தீவில் ஜப்பானியருடன் நடந்த போரின் நினைவாக, 1944இல் அவர்கள் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பூகன்வில் என்று பெயரிட்டார்கள். பூவைப் போலவே இங்கும் வெளியே தெரிவது தீவும் போரும்தான். கடலோடி உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறார். அத்தீவு மக்களோ 2019 வாக்கெடுப்பில் பப்புவா நியூகினியிடமிருந்து விடுதலை வேண்டும் என்று, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கும் மேலாக, அதே பிரெஞ்சுப் பெயர் தாங்கிய நாட்டுக்காகவே வாக்களித்தார்கள். வணக்கம்.