சேவலா, வெடையா? பத்து வாரக் குஞ்சின் முதுகைப் பாருங்கள்

[காட்சி: பெங்களூரு கே.ஆர்.புரம். வீட்டின் பின்பக்கம். பஞ்சாரத்தைத் தூக்கியதும் ஆறு குஞ்சுகள் வெளியே ஓடுகின்றன.]

வணக்கம். இந்த ஆறு குஞ்சுகளுக்கும் இன்றோடு பத்து வாரம் முடிகிறது. இதில் எது சேவல், எது வெடை, அதாவது இளம் பெட்டை?

நம் ஊரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். விடியற்காலை நான்கு மணிக்கு மூன்று சேவல்கள் சேர்ந்து கூவினால் தெருவே எழுந்துவிடும். நான்கு பெட்டைக்கு மூன்று சேவல் என்றால் பெட்டைகளின் முதுகில் இறகே மிஞ்சாது, பாவம். முட்டைக்குச் சேவல் தேவையும் இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் தேவை. அதனால் சேவல்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார்கள். நம்பாதீர்கள். முட்டையின் வடிவம் தாயின் கருக்குழாயில் உருவாவது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாய் தரும் குரோமோசோம் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

பொரிப்பகங்களில் ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கிறார்கள். ஜப்பானில் வளர்ந்த கலை அது. பழகாத கை பட்டால் குஞ்சு செத்துப்போகும். வீட்டில் வேண்டாம். நடைபாதையில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் அப்படிக் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகளே. முட்டைப் பண்ணைக்கு அவை தேவைப்படுவதில்லை. நான் ஆசையாக வாங்கிய நான்கில் நான்கும் சேவலாகத்தான் வளர்ந்தன.

[காட்சி: கொண்டை அருகில்]

சரி, கொண்டைக்கு வருவோம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கொண்டை தடித்துச் சிவந்து, தாடியும் தொங்கத் தொடங்கினால் அது சேவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெட்டைக்கு அந்த வயதில் கொண்டை சிறிதாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். ஆனால் இனம் பார்த்துப் பேச வேண்டும். கடக்நாத்தின் கொண்டையே கருமை. சிவப்பைத் தேடிப் பயனில்லை. அசீலுக்குப் பட்டாணி போன்ற சின்னக் கொண்டை. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. முட்டையிடப்போகும் வெடைக்கும் கொண்டை சிவக்கும். ஐந்து மாதக் கோழியின் கொண்டையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான் நம்புவது இறகைத்தான். தர்மபுரியிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் காட்டிக்கொடுத்தார்: “கொண்டைய விடும்மா, இடுப்புக்கிட்ட பாரு.”

[காட்சி: முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம். விரலால் இறகைப் பிரித்துக் காட்டுகிறேன்.]

இதோ, இந்தச் சிவப்புக் குஞ்சு. வாலுக்கு முன்னால் ஒல்லியாக, நுனி கூர்மையாக, பளபளவென்று புது இறகுகள் இருபக்கமும் சரிகின்றன. இது சேவல். பக்கத்தில் இருக்கும் சாம்பல் குஞ்சுக்கு அதே இடத்தில் அகலமான, நுனி உருண்ட இறகு. இது பெட்டை. காரணமும் அழகானது. பெட்டையின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் இறகை உருண்டையாக்குகிறது. அது இல்லாவிட்டால் இறகு கூர்மையாகவே வரும். சினைப்பை கெட்டுப்போன கிழட்டுக்கோழி சில சமயம் சேவல் இறகு போட்டுக் கூவக்கூடச் செய்வது இதனால்தான்.

கழுத்திறகிலும் இதே வித்தியாசம் தெரியும். கழுத்தறுத்தான் கோழிக்குக் கழுத்தில் இறகே இல்லை, அதனால் முதுகுதான் ஒரே வழி. பத்திலிருந்து பதினான்கு வாரத்துக்குள் பாருங்கள். அதற்கு முன் முளைப்பது குஞ்சு இறகு. எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

கால் தடிமன், நெஞ்சை நிமிர்த்தி நிற்பது, சண்டை போடுவது எல்லாம் கூடுதல் துப்பு மட்டுமே. வாயாடி வெடைகளும் நெஞ்சோடு நெஞ்சு மோதும்.

[காட்சி: ஆறு குஞ்சுகளும் கம்பு கொத்துகின்றன.]

இங்கே மூன்று பெட்டை, இரண்டு சேவல். சேவல் இரண்டும் அடுத்த வாரம் தர்மபுரிக்கு, மாமியாரின் தோட்டத்துக்குப் போகின்றன. இந்தக் கறுப்புக் குஞ்சுக்கு மட்டும் முதுகில் இன்னும் புது இறகு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி பிரித்துப் பார்க்கிறேன்.