லைட் இல்லாமல் நின்ற டிப்பரில் பைக் மோதி மரணம்: எஃப்.ஐ.ஆர் நம்ம மேல இருந்தா இழப்பீடு கிடைக்குமா?

வணக்கம். இந்த வாரம் ஒரு சகோதரி அனுப்பின கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இதுக்குள்ளயே நாலஞ்சு கேள்வி இருக்கு. அவங்க சொல்றது இதுதான். வீட்டுக்காரருக்கு வயசு 34. டூ வீலர் மெக்கானிக், சொந்தமா சின்ன கடை. ராத்திரி ஒன்பது மணி வாக்குல பைபாஸ்ல வீட்டுக்கு வரும்போது, லைட் எதுவும் போடாம நின்னுக்கிட்டு இருந்த டிப்பர் லாரி பின்னாடி மோதி, அங்கேயே இறந்துட்டார். போலீஸ் எஃப்.ஐ.ஆர்ல அவர்தான் அஜாக்கிரதையா ஓட்டினார்னு எழுதியிருக்காங்க. லாரி ஆர்.சி ஒருத்தர் பேர்ல, ஓட்டி சம்பாதிக்கிறது வேற ஒருத்தர். டிரைவர்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு. ஜி.எச்லயே ஒருத்தர் வந்து, "கேஸ் நாங்க பாத்துக்கறோம், வர்ற பணத்துல 25 சதவீதம் குடுங்க"ன்னு வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். மனைவி, ரெண்டு குழந்தைகள், மாமியார். பணம் கிடைக்குமா, யார் மேல போடணும்?

முதல்ல பயத்தைப் போக்கிடறேன். எஃப்.ஐ.ஆர் இறந்தவர் மேல இருக்குங்கிறதுக்காக கேஸ் செத்துப் போகாது. எஃப்.ஐ.ஆர்ங்கிறது யாரோ கொடுத்த முதல் தகவல், அவ்வளவுதான். பல நேரம் அந்தத் தகவலைக் கொடுக்கறதே லாரி டிரைவர்தான், உயிரோட இருக்கறது அவர் மட்டும்தானே. மோட்டார் விபத்து தீர்ப்பாயம் தனியா சாட்சி விசாரிச்சு, எந்தப் பக்கம் தவறு இருக்க வாய்ப்பு அதிகம்னு பாத்து முடிவு பண்ணும். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு அங்க கிடையாது.

ஆனா ஒண்ணு. தீர்ப்பாயம் பாக்கப்போறது முதல் ஒரு வாரத்துல உருவான காகிதங்களைத்தான். அதனால வக்கீலை மாத்தறதா வேண்டாமாங்கிறதை விட அவசரமான வேலை அந்தக் காகிதங்கள். எஃப்.ஐ.ஆர், ரஃப் ஸ்கெட்ச் (சம்பவ இடத்தோட வரைபடம்), பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பாத்து எழுதின குறிப்பு), ரெண்டு வண்டிக்கும் எம்.வி.ஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இவ்வளவும் வாங்குங்க. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துலயே பணம் கட்டி விபத்து ஆவணங்களை எடுத்துக்கலாம். ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும்னு இல்ல.

இதுல ரஃப் ஸ்கெட்சைக் கொஞ்சம் உன்னிப்பா பாருங்க. பெரும்பாலும் ரெண்டு கோடு, நடுவுல ஒரு பெட்டி, "லாரி சாலையோரமாக நின்றிருந்தது"ன்னு ஒரு வரி. அளவு இருக்காது. இங்கதான் கேஸ் தோக்கும். நாலுவழிச் சாலையில ஒரு பக்கத்துக்கு ஏழு மீட்டர் ஓடுதளம், அதுக்கு இடது பக்கம் தார் போட்ட ஓரம் வழக்கமா ஒன்றரை மீட்டர். டிப்பரோட அகலம் ஏறக்குறைய ரெண்டரை மீட்டர். அப்ப தார் விளிம்பை ஒட்டி ஒழுங்கா நிறுத்தியிருந்தாக்கூட ஒரு மீட்டர் லாரி ஓடுற பாதைக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். "ஓரமா நின்னுச்சு"ங்கற வார்த்தையை இந்தக் கணக்கு ஒண்ணே உடைச்சிடும். உங்க சாலையோட அகலம் வேற மாதிரி இருக்கலாம். பகல்ல ஆளோட போய் டேப் வச்சு அளந்து, படம் எடுத்து வச்சுக்கங்க. தெருவிளக்கு எத்தனை அடி தள்ளி இருக்கு, எரியுதா, அதையும் ராத்திரி அதே நேரத்துல போய்ப் பாருங்க.

அடுத்து எம்.வி.ஐ ரிப்போர்ட். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை ஸ்டேஷன்ல வச்சு, ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாப்பார். அதுக்குள்ள பின் லைட்டுக்கு புது பல்பு வந்திருக்கும், பளபளன்னு சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டியிருக்கும். லாரிக்குப் பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள், முன்னாடி வெள்ளை டேப் கட்டாயம். டிப்பர்ல கல்லும் மண்ணும் ஏத்தி இறக்கி அது உரிஞ்சு போயிருக்கும், இல்ல சேறு மூடியிருக்கும். அதனால சம்பவ இடத்துல அந்த ராத்திரி எடுத்த ஒரு போட்டோ, அது வழிப்போக்கர் செல்போன்ல எடுத்ததா இருந்தாலும் சரி, எம்.வி.ஐ ரிப்போர்ட்டை விடப் பெரிய சாட்சி. எடுத்தவரைக் கண்டுபிடிச்சு, அந்த ஃபைலை அப்படியே வாங்கி வைங்க. வாட்ஸ்அப்ல வந்ததை மட்டும் நம்பாதீங்க. ஒரிஜினல் ஃபைல்ல தேதி, நேரம் இருக்கும். பக்கத்து பெட்ரோல் பங்க், டோல்கேட் கேமரா பதிவெல்லாம் சில வாரத்துல தானா அழிஞ்சிடும். பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி பங்குக்கும், இன்ஸ்பெக்டருக்கும் ரிஜிஸ்டர் தபால் போடுங்க. டிப்பர்ல ஜி.பி.எஸ் கருவி இருந்தா, அது எத்தனை மணியில இருந்து அங்க நின்னுச்சுன்னு சொல்லிடும். அந்தப் பதிவை வரவழைக்கச் சொல்லி தீர்ப்பாயத்துல மனு போடலாம்.

எச்சரிக்கை முக்கோணம் வச்சிருந்தாங்களான்னும் கேளுங்க. நம்ம ஊர்ல மரக்கிளையை ஒடிச்சு வைப்பாங்க, இல்லன்னா நாலு கல்லு. வண்டியை எடுத்துட்டுப் போகும்போது அந்தக் கல்லையும் நடு ரோட்லயே விட்டுட்டுப் போவாங்க, அது அடுத்த பைக்குக்கு. மத்தவங்களுக்கு ஆபத்தா வண்டியை நிறுத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவுல தவறு. இதையெல்லாம் எழுதி, எஃப்.ஐ.ஆரைத் திருத்தி விசாரிக்கச் சொல்லி எஸ்.பிக்கு ஒரு மனு கொடுங்க. மாத்துவாங்கன்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா "அப்பவே ஆட்சேபிச்சோம்"னு காட்ட அந்த மனுவோட ரசீது உதவும்.

இப்ப யார் மேல கேஸ். ஆர்.சில பேர் இருக்கற ஓனர், அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி, டிரைவர், உண்மையில வண்டியை ஓட்டி சம்பாதிக்கறவர், நாலு பேரையும் எதிர்மனுதாரராச் சேருங்க. "நான் எப்பவோ வித்துட்டேன்"னு ஆர்.சி ஓனர் சொல்வார். பேர் மாத்தலேன்னா சட்டப்படி அவர்தான் ஓனர்னு 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. வண்டி நம்பரைப் போட்டு எம்-பரிவாகன் ஆப்புல பாத்தா இன்சூரன்ஸ், எஃப்.சி (வண்டியோட தகுதிச் சான்று) எதுவரைக்கும்னு வரும். இன்சூரன்ஸ் தேதி மட்டும் இல்ல, பாலிசி ஆரம்பிக்கிற மணியையும் பாருங்க. ராத்திரி ஒன்பதுக்கு விபத்து, பாலிசி அதுக்கப்புறம் வர்ற நள்ளிரவுல இருந்துன்னா, விபத்து நேரத்துல அந்த பாலிசி இல்லைன்னு அர்த்தம், அது விபத்துக்கப்புறம் ஓடிப்போய் எடுத்ததாவும் இருக்கலாம். பாலிசியே இல்லேன்னா, ஜாமீன் தொகை கட்டாம லாரியை விடக் கூடாதுன்னு உடனே நீதிமன்றத்துல மனு போடணும். வண்டி ஸ்டேஷனை விட்டுப் போயிட்டா, அப்புறம் ஓனரோட சொத்தைத் தேடி அலையணும்.

டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்ல, அதனால இன்சூரன்ஸ் பணம் தராதுன்னு யாராவது பயமுறுத்தியிருப்பாங்க. 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதி அமர்வு சொன்னது, இலகுரக வாகன லைசென்ஸ் வச்சு மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டியை ஓட்டலாம். டிப்பர் பெரும்பாலும் அதுக்கு மேல போயிடும், ஆர்.சில மொத்த எடைன்னு போட்டிருக்கும், பாத்துக்கங்க. அப்படின்னா பாலிசி நிபந்தனை மீறல்தான். ஆனா உங்க வீட்டுக்காரர் மூன்றாம் நபர். இந்த மாதிரி நேரத்துல தீர்ப்பாயம் சாதாரணமா போடுற உத்தரவு என்னன்னா, இன்சூரன்ஸ் முதல்ல உங்களுக்குக் கொடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும். 'பே அண்ட் ரெக்கவர்'னு கோர்ட்ல சொல்வாங்க. பெர்மிட் இல்லாத லாரிக்கும் இதே வழிதான். இந்த உத்தரவைக் கேட்டு மனுவுலயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.

ஆனா லாரி மேலேயே சவாரி போனவங்க கதை வேற. சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்ல. சரக்கோட சொந்தக்காரரோ அவரோட ஆளோ கூடப் போனா பொறுப்பு உண்டு. லாரி டிரைவர், கிளீனர் இறந்தா, அவங்க குடும்பம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துலயும் போகலாம், அங்க யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்ல. ஆனா ரெண்டுல ஒண்ணுதான் தேர்ந்தெடுக்கணும்.

தொகைக்கு வருவோம். சரளா வர்மா, பிரணய் சேத்தின்னு உச்ச நீதிமன்றத்தோட ரெண்டு தீர்ப்பு, அந்தக் கணக்குலதான் எல்லா ஊர்லயும் போடறாங்க. மாசம் 18,000 ரூபாய் வருமானம்னு தீர்ப்பாயம் ஏத்துக்கிட்டதா வைங்க. சொந்தத் தொழில், நாற்பது வயசுக்குக் கீழ, அதனால எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டணும், 25,200. வருஷத்துக்கு 3,02,400. நம்பியிருக்கறவங்க நாலு பேர், அதனால அவரோட சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிச்சா 2,26,800. 31-ல இருந்து 35 வயசுக்குப் பெருக்கல் எண் 16. ஆக 36,28,800. இதோட துணையை, தகப்பனை, மகனை இழந்ததுக்கு ஒவ்வொருத்தருக்கும் 48,400, சொத்திழப்புக்கு 18,150, ஈமச்சடங்குக்கு 18,150. 2017-ல 40,000, 15,000, 15,000-னு வச்சு, மூணு வருஷத்துக்கு ஒருதடவை 10 சதவீதம் ஏத்தணும்னு சொன்னாங்க, அதுல வந்த கணக்கு இது. எல்லாம் சேர்த்தா 38,58,700. மேல வட்டி தனி.

இப்ப அந்த ஒரு மீட்டர் கணக்கு ஏன் முக்கியம்னு பாருங்க. "பைக்காரரும் பாத்து வந்திருக்கணும்"னு அவர் மேல 30 சதவீதம் தவறு வச்சா, 11,57,610 ரூபாய் போயிடும். நின்ன லாரியில மோதின கேஸ்ல இன்சூரன்ஸ் வக்கீலோட முழு வாதமும் இதுதான். ஹெல்மெட் போடல, லைசென்ஸ் இல்லன்னும் கேப்பாங்க. லைசென்ஸ் இல்லாதது மட்டுமே விபத்துக்குக் காரணம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா பிரேதப் பரிசோதனையில மது வாசனைன்னு வந்திருந்தா, அதை வக்கீல்கிட்ட மறைக்காதீங்க. குறுக்கு விசாரணையில வந்து விழுந்தா இன்னும் மோசம்.

வருமானத்துக்கு ஆதாரம்தான் அடுத்த ஓட்டை. வருமான வரி கட்டாத மெக்கானிக்குன்னா தீர்ப்பாயம் தானா ஒரு தொகை போடும், பெரும்பாலும் குறைச்சலா. கூகுள் பே, போன் பே வரவு இருக்கற பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டு வருஷத்துக்கு, கடை வாடகை ஒப்பந்தம், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கின பில், கடை போர்டோட போட்டோ, இதெல்லாம் எடுத்து வைங்க. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல இன்னைக்கே மனு போடுங்க, அதுக்கு நாளாகும்.

எங்க போடறது? விபத்து நடந்த ஊர், நீங்க குடியிருக்கற ஊர், எதிர்தரப்பு இருக்கற ஊர், மூணுல எங்க வேணாலும் எம்.சி.ஓ.பி, அதாவது விபத்து இழப்பீட்டு மனு, போடலாம். உங்க ஊர்லயே போடுங்க. 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துன்னா ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம். அதை எதிர்த்து வழக்கு நடக்குது, காலம் தாண்டினதுன்னு மனுக்களைத் தள்ளுபடி பண்ண வேண்டாம்னு 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவும் போட்டுச்சு. இடைக்காலம்னா இடைக்காலம்தான், ஆறு மாசத்துக்குள்ளயே போட்டுடுங்க. போலீசும் 90 நாள்ல விரிவான விபத்து அறிக்கையை தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். அனுப்பினாங்களான்னு கேளுங்க.

அந்த 25 சதவீத ஆள். வழக்குல வர்ற பணத்துல இத்தனை சதவீதம்னு வக்கீல் ஃபீஸ் பேசறதை பார் கவுன்சில் விதியே தடை பண்ணுது. ஆஸ்பத்திரியில வந்து கேஸ் பிடிக்கறதும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டதால மாட்டிக்கிட்டோம்னு நினைக்காதீங்க, வக்காலத்தை மாத்தலாம். அவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கேளுங்க, தரலேன்னா கோர்ட் அனுமதியோட புது வக்கீல் வைக்கலாம். வெறும் பேப்பர்ல, செக்குல கையெழுத்துப் போட்டிருந்தா அதைத் திருப்பிக் கேட்டு இன்னைக்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி, ரசீதை வச்சுக்கங்க. வக்கீல் வைக்க வசதி இல்லேன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு போங்க. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க.

நடுவுல இன்சூரன்ஸ் ஆள் லோக் அதாலத்துக்கு (சமரசமா பேசி முடிக்கற மக்கள் நீதிமன்றம்) கூப்பிடுவாங்க. போறது தப்பில்ல, சீக்கிரம் பணம் வரும். ஆனா அங்க கையெழுத்துப் போட்டா அப்பீல் கிடையாது. மேல சொன்ன கணக்கைக் கையில ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க. பன்னிரண்டு லட்சம்னு ஆரம்பிப்பாங்க. தீர்ப்பாயத்துல தீர்ப்பு வந்து தொகை குறைவுன்னு பட்டா, 90 நாளைக்குள்ள உயர் நீதிமன்றத்துல அப்பீல் போடலாம். குழந்தைங்க பங்கு, அவங்களுக்கு 18 வயசு ஆகற வரைக்கும் பேங்க்ல வைப்புத்தொகையாப் போட்டுடுவாங்க. படிப்புக்கு நடுவுல வேணும்னா, ஃபீஸ் ரசீதை வச்சு தீர்ப்பாயத்துலயே மனு போட்டு எடுக்கலாம்.