நாலு முகம் தெரிய அறுபது பேர்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இப்போதுதான் பேசி முடித்து உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணனுக்கும், இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் கோயில் வாசலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு டிவி தொடர் ஜெயிப்பது திரையில் தெரியும் முகங்களாலா, திரைக்குப் பின்னால் இருக்கும் கைகளாலா? அண்ணன் முகங்கள் என்று பேசினார். கதாநாயகி அழுதால் காரைக்குடியே அழுகிறது, வில்லியாக நடித்தவரைக் கடைத்தெருவில் பார்த்தால் பெண்கள் சண்டைக்குப் போகிறார்கள், கேமராமேனுக்காக யாராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் கைகள் பக்கம் பேச வந்திருக்கிறேன், அதனால் அந்தக் கண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பெண் அழும்போது கேமரா எவ்வளவு கிட்டத்தில் இருக்க வேண்டும், அந்த முகத்தில் எத்தனை நொடி நின்றுவிட்டு மாமியார் முகத்துக்குப் போக வேண்டும், வயலின் எந்த இடத்தில் எழும்ப வேண்டும், எந்த இடத்தில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு விம்மலை மட்டும் கேட்க விட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் எடிட்டிங் அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த விம்மலே பல நேரம் அந்த நடிகையுடையது கிடையாது. பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நடிக்க வருகிறார்கள், தமிழ் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், நன்றாகவே நடிக்கிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று ஓர் உதவி இயக்குநர் வசனத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கிறார், அதைக் கேட்டு அந்தப் பெண் உதட்டை அசைக்கிறார், அப்புறம் சென்னையில் ஒரு டப்பிங் அறையில் வேறொரு பெண் மைக் முன்னால் நின்று தொண்டை அடைக்க அழுதுவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போகிறார். அண்ணே, நீங்கள் கேட்டு அழுதது அந்தக் குரலை. அந்த முகத்தை நீங்கள் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஆயா வீட்டில் ஒரு தொடரின் படப்பிடிப்பு ஐந்து நாள் நடந்தது. எந்தத் தொடர், எந்த சேனல் என்பது இங்கே வேண்டாம். நம் ஊர் வீடுகளைத் தேடி வந்து படம் எடுப்பது புதிதில்லை, முகப்பு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் என்று கேமராவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் படம் எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அந்த ஐந்து நாளில்தான் பார்த்தேன்.

நம் வளவு உங்களுக்குத் தெரியும். சுற்றித் தூண், நடுவே வானம் பார்த்த முற்றம். காலை 9 மணிக்கு வெயில் ஒரு தூணின் அடியில் விழுகிறது, 11 மணிக்கு முற்றத்தின் நடுவுக்கு வந்துவிடுகிறது, 3 மணிக்கு எதிர்த் தாழ்வாரத்தில் ஏறி நிற்கிறது. கதையில் அது ஐந்து நிமிடச் சண்டை, மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள், மாமியார் மறிக்கிறார். எடுத்து முடிக்க ஆறு மணி நேரம் ஆனது. முதலில் எல்லோரும் தெரிய ஒரு மாஸ்டர் ஷாட், அப்புறம் ஒவ்வொருவருக்கும் க்ளோசப், அப்புறம் தோளுக்குப் பின்னாலிருந்து சஜஷன் ஷாட். வெயிலை அப்படியே விட்டிருந்தால் மாமியார் பேசும்போது தூணில் இருக்கும் வெளிச்சம் மருமகள் பதில் சொல்வதற்குள் சுவருக்குப் போயிருக்கும். அதனால் முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். மேலே, ஓட்டு விளிம்பில், ஒல்லியாக ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, காற்றில் துணி படபடக்கும்போதெல்லாம் அந்த முனையைப் பிடித்து இறுக்கிக்கொண்டு ஆறு மணி நேரமும் அங்கேயே இருந்தான். கீழே நம் வீட்டு நிழலில் நின்ற எங்களுக்கே வேர்த்து ஊற்றியது. எங்கள் ஆயா இரண்டு தடவை மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

கீழே லைட் ஸ்டாண்டுகளின் காலுக்கெல்லாம் சாக்குத் துணி சுற்றியிருந்தார்கள், ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழக் கூடாதே என்று. அந்தக் கல் கண்ணாடி மாதிரி பளபளக்கும், விளக்கு அப்படியே தரையில் தெரியும், அது ஃபிரேமில் வராமல் இருக்க ஒருவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார்கள், சத்தம் வரக் கூடாது. ஒரு பெண் உதவி இயக்குநர், அவருக்கு வேலையே கன்டினியூட்டி பார்ப்பது, ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது, தாலிச் சங்கிலி சேலைக்கு உள்ளேயா வெளியேயா, பெட்டி எந்தக் கையில் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நடிகை பெட்டியை வலது கையில் எடுத்தபோது எங்கோ மூலையிலிருந்து "இடது கை மேடம்" என்று குரல் வந்தது. அந்த ஒரு குரல் இல்லையென்றால் அது ஒளிபரப்பான அன்றைக்கு நீங்கள் அத்தனை பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்திருப்பீர்கள்.

மதியம் சாப்பாட்டுக் கணக்கு எடுத்தோம். எழுபதுக்குக் குறையாத இலை. அன்றைக்குக் கேமரா முன்னால் வந்தவர்கள் நாலு பேர்.

சரி, ஒரு வீட்டுக் கதையை வைத்து வாதம் பண்ணாதே என்று அண்ணன் சொல்லலாம். அரசாங்கம் சொன்ன கணக்கைத் தருகிறேன். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு, படப்பிடிப்பு எல்லாம் நின்றது. தொடர்கள் நின்றன, பழையதைத் திரும்பப் போட்டார்கள், தூர்தர்ஷன் 1987இல் வந்த ராமாயணத்தையே மறுபடி ஓட்டியது. மே மாதம் தமிழ்நாடு அரசு சின்னத்திரைக்கு அனுமதி கொடுத்தது, ஆனால் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று நிபந்தனை. முகங்களால்தான் தொடர் நடக்கிறது என்றால் 20 பேர் தாராளம் அண்ணே. ஒரு காட்சிக்கு நாலு முகம், ஆறு முகம், மிஞ்சிப்போனால் ஒரு கல்யாணக் காட்சி, அதைத் தள்ளிவைத்துவிடலாம். ஆனால் 20 பேரை வைத்துக்கொண்டு முடியாது என்று தொழிலில் இருப்பவர்கள் முறையிட்டார்கள், அந்த மாதக் கடைசியிலேயே 60 பேர் வரை இருக்கலாம் என்று மாற்றிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் யூனிட் நகர்ந்தது. முகங்கள் எல்லாம் பத்திரமாக வீட்டில்தான் இருந்தன. கைகள் கூட முடியாததால் தொடர் நின்றது, கைகள் கூடியதும் ஓடியது.

ஏன் இத்தனை பேர்? நேரம்தான். அரை மணி நேர ஸ்லாட், விளம்பரம் போக ஏறத்தாழ 22 நிமிடம். வாரம் ஆறு நாள் வரும் தொடருக்கு 132 நிமிடம். ஒரு முழு சினிமா அளவு, வாரா வாரம், வருஷக் கணக்கில். சினிமாவுக்கு ஒரு கதையை உட்கார்ந்து செதுக்க மாசக் கணக்கில் நேரம் இருக்கிறது. தொடருக்குக் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர், சேனல் பக்கமிருந்து கிரியேட்டிவ் ஆட்கள், எல்லோரும் உட்கார்ந்து இந்த வாரம் எந்த டிராக் ஓட வேண்டும், சனிக்கிழமை எந்த இடத்தில் 'தொடரும்' போட வேண்டும் என்று பிடிக்கிறார்கள். வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் போட்ட கணக்கெல்லாம் மாறும். சீன் பேப்பர் சில நாள் காலையில்தான் செட்டுக்கு வந்து சேரும். பிரசவ வலி மாதிரி ஒரு வேலை, அதை ஒருவர் தினமும் செய்கிறார், அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. 1984இல் தூர்தர்ஷனில் ஹம் லோக் தொடங்கியது. இந்தியாவின் முதல் நெடுந்தொடர் என்று அதைச் சொல்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்தைக் கதையில் வைத்துச் சொல்ல வேண்டும் என்பது திட்டம், ஆரம்ப எபிசோடுகளில் உபதேசம் தூக்கலாக இருந்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி உபதேசத்தைக் குறைத்து அந்தக் குடும்பத்தின் சுகதுக்கத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு வட நாடே அந்தக் குடும்பத்தைத் தன் குடும்பமாக எடுத்துக்கொண்டது. குடும்பம் அதே குடும்பம்தான் அண்ணே. எழுதிய கை திசை திரும்பியது.

நம் தமிழுக்கு வருவோம். மர்மதேசம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். அதில் விடாது கருப்பு என்ற கதை வந்தபோது எங்கள் தெருவில் ராத்திரி குதிரைச் சத்தம் என்றாலே பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடும். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் கருப்பர் இருக்கிறார், அதனால் அந்தப் பயம் நமக்கு இன்னும் கிட்டத்தில் வந்தது. இன்றைக்கு அதில் யார் யார் நடித்தார்கள் என்று கேட்டால் நாலு பேர் பெயரைச் சேர்த்துச் சொல்லத் தடுமாறுவீர்கள். அந்தப் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அண்ணன் சித்தி தொடரைச் சொன்னார், ராதிகா முகம் இல்லாமல் சித்தி உண்டா என்றார். உண்மைதான், அவர் பெரிய நடிகை. ஆனால் அந்தத் தொடரைத் தயாரித்த நிறுவனமும் அவருடையதுதான், அதை விட்டுவிட்டீர்களே. முகமாக மட்டும் இருந்திருந்தால் அவர் வாங்கிய சம்பளத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். இன்னொன்று, சித்தி போடப் போகிறான் என்று அடுப்படியிலிருந்து நம் அம்மாக்களை ஓடி வரச் செய்தது எது? அந்த டைட்டில் பாட்டு. தினா இசை, நித்யஸ்ரீ குரல். முகம் வருவதற்கு முன்பே காது வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் நாதஸ்வரம். நம் காரைக்குடியில் வைத்து எடுத்த தொடர், 2010இலிருந்து 2015 வரை ஓடியது, கோபி என்றால் நமக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. அந்த கோபியாக நடித்த திருமுருகன்தான் அதன் இயக்குநர், அதனால் அந்த ஓட்டு பாதிக்கு மேல் என் பக்கம் வருகிறது. 2014 மார்ச்சில் அதன் ஆயிரமாவது எபிசோடை நேரடி ஒளிபரப்பாக, ஒரே ஷாட்டில், 23 நிமிடத்துக்கு மேல் எடுத்தார்கள், கின்னஸிலும் ஏறியது. நடிகர்கள் வசனத்தை மறக்காமல் சொன்னது பெரிய விஷயம், அதற்கு நானும் கை தட்டுகிறேன். ஆனால் அந்த 23 நிமிடமும் ஃபோகஸ் தவறாமல் பிடித்தவர், அடுத்த ஆளை 'போங்க' என்று சரியான நொடியில் தள்ளிவிட்டவர், மைக் தெரியாமல் பிடித்தவர், கேபிள் காலில் சிக்காமல் பார்த்துக்கொண்டவர் என்று அத்தனை பேரில் ஒரே ஒருவர் ஒரு தடவை இருமியிருந்தாலும் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ரீடேக் கிடையாது. நடிகர் தடுமாறினால் கூட நடிக்கிறவர் எடுத்துக்கொடுத்துச் சமாளிக்கலாம், கேமரா தடுமாறினால் யார் சமாளிப்பது?

இந்த ஊர் இதை எப்போதோ பார்த்துவிட்ட ஊர். ஏவி.எம். கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன்னால் அவர்களுடைய ஸ்டூடியோ நம் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது. 1947இல் வந்த நாம் இருவர் அங்கே எடுத்த படம்.

கடைசியாக ஒன்று. தொடர் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், ஒரு நாள் திடீரென்று திரையில் எழுத்து வரும், இனி இந்தப் பாத்திரத்தில் இவர் என்று. இரண்டு நாள் நமக்கு ஒட்டாது, இவ அவ மாதிரி இல்லையே என்று சொல்லுவோம். மூன்றாவது வாரம் பார்த்தால் புது மருமகளுக்காகவும் அதே மாதிரி சண்டைக்குப் போகிறோம். முகத்தை மாற்றலாம், நம் கண் முன்னாலேயே எத்தனை தடவை மாற்றிவிட்டார்கள்.

ஆயா வீட்டில் எடுத்த அந்தச் சண்டை ஒரு மாதம் கழித்து டிவியில் வந்தது. வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்தோம், முகப்பு வந்தது, தூண் வந்தது, மருமகள் இடது கையில் பெட்டியோடு போனாள். ஆயா மருமகளைப் பார்க்கவே இல்லை. "தூணு மேல வெயிலே படலையே, பிள்ளை நல்லாத்தான் பிடிச்சுருக்கு" என்றார்கள். அப்புறம் கடைசியில் பெயர்கள் ஓடின, எழுத்துச் சின்னதாக, கண் மூடித் திறப்பதற்குள். நான் இரண்டு பெயரைப் படிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஆயா என்னைத் திரும்பிப் பார்த்து, "அவன் பேரு வந்துச்சா ஆத்தா?" என்று கேட்டார்கள்.

வரவில்லை நடுவர் ஐயா. தீர்ப்பு எழுதும்போது அந்தப் பையனையும் நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.