எந்த மாடி, எந்த வரி?

வணக்கம் நேயர்களே.

கைபேசியில் ஒரு செயலி திடீரென்று மூடிக்கொண்டால், பல நேரம் அதை எழுதியவர் கைக்கு வருவது ஒரு முகவரி எண் மட்டும்தான். நாம் எழுதும் மூலநிரலைக் கம்பைலர் என்ற மென்பொருள், கணினி இயக்கும் பைனரிக் கோப்பாக்கும்போது பெயரும் வரியும் போய், எண்கள் மிஞ்சுகின்றன. சிங்கப்பூரில் நம் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் எந்த புளோக் என்ற பட்டியல் இருந்தால்தானே வீட்டுக்குப் போகலாம்? அந்தப் பட்டியல்தான் டீபக் தகவல், அதாவது பிழை தேட உதவும் தகவல். லினக்ஸில் அது டுவார்ஃப் என்ற வடிவத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் திறமூலக் கருவி ஒன்றைச் சில நண்பர்களோடு நானும் பராமரிக்கிறேன். வேலை முடிந்த பிறகு, இரவில்தான்.

என் அத்தை தஞ்சாவூரிலிருந்து முதல்முறை வந்தபோது, வீடு இரண்டாவது மாடி என்று சொல்லியிருந்தோம். மின்தூக்கி வேண்டாமென்று படியேறியவர், மூன்றாவது தளத்துக் கதவைத் தட்டிவிட்டார். ஊரில் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் தரைத்தளமே முதல் தளம். அந்த வீட்டு மலாய்ப் பாட்டி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பிறகு கீழே அழைத்துவந்தார்.

எங்கள் கருவியிலும் இதே தவறு நடந்தது. டுவார்ஃபின் பழைய பதிப்புகளில் கோப்புகளின் பட்டியல் ஒன்றிலிருந்து தொடங்கும். 2017-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சுழியத்திலிருந்து. அதைப் படிக்கும் பகுதியை எழுதியபோது, ஓரிடத்தில் பழைய கணக்கையே வைத்துவிட்டேன். 2021-இல் ஜிசிசி என்ற கம்பைலர், தன் 11-ஆம் வெளியீட்டில் டுவார்ஃபின் ஐந்தாம் பதிப்பை இயல்பாகவே எழுதத் தொடங்கியது. அப்புறம்தான் வெளிப்பட்டது.

கருவி நின்றுபோயிருந்தால் பரவாயில்லை. அது தயங்காமல் பக்கத்துக் கோப்பின் பெயரைச் சொன்னது. அதை நம்பி ஒருவர், குற்றமே இல்லாத கோப்பில் இரண்டு நாள் தேடியிருக்கிறார். மறுபடியும் சொல்கிறேன், நின்றுபோகும் கருவியைவிடத் தவறாகச் சொல்லும் கருவிதான் ஆபத்து. கருவி நின்றால் சந்தேகம் வரும். பதில் வந்துவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்?

திருத்தம் ஒரே வரி. ஆனால் பழைய பைனரிகளும் முன்போலவே சரியாகத் தெரிய வேண்டுமே! 1993-இல் வந்த இரண்டாம் பதிப்புவரை ஒவ்வொன்றாகச் சோதிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம்தான் பராமரிப்பு.

இன்னொன்று, சுருக்கமாக. நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஸ்டிரிங்ஸ் என்று ஒரு சின்னக் கருவி. கோப்புக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டும். சந்தேகமான கோப்பை அதில் திறப்பதே ஆபத்தாகலாம் என்று 2014-இல் தெரியவந்தது. எழுத்துகளை மட்டும் தேடாமல், கோப்பின் அமைப்பையும் அந்தக் கருவி அலசப்போனதுதான் காரணம். பிறகு அந்த இயல்பை மாற்றினார்கள். விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்.

சரி, ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கருவியில் பிழை கண்டால், அந்த பைனரியையும் கம்பைலரின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த இரண்டு நாள் தேடியவர் அனுப்பியதால்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. நன்றி, வணக்கம்.