செங்கோணத்தை எந்த வரியில் பயன்படுத்தினோம்?

(சேலத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருக்கும் மாணவர்களுக்குத் தனி வணக்கம்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் என்று மூன்று நிரூபணங்கள் வருகின்றன. வரி பிசகாமல் அவற்றை ஒப்பிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். படத்தில் எழுத்துகளை மட்டும் மாற்றிப் போட்டால் அதே பிள்ளை திகைத்து நின்றுவிடுகிறது. அது பிள்ளையின் குற்றம் இல்லை. நிரூபணத்தை எழுதச் சொல்கிறோமே தவிர, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவதில்லை. படிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் நம்பிக்கை. கணக்கில் கொடுத்த தகவலை எந்த வரியில் பயன்படுத்தினோம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நிரூபணம் புரிந்துவிட்டது.

முதலில் நிரூபணம் எதற்கு என்று பார்ப்போம். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கமான கர்ணத்தைக் கண்டுபிடிக்கத் தமிழில் ஒரு செய்யுள் பலருடைய போனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நெட்டைப் பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிடு, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், அதுதான் கர்ணம் என்கிறது. வர்க்கமூலமே வேண்டாம். 3, 4 போட்டுப் பாருங்கள்: மூன்றரையோடு ஒன்றரை, 5. சரி. 5, 12 போடுங்கள்: பத்தரையோடு இரண்டரை, 13. அதுவும் சரி. இரண்டு முறை சரியாக வந்ததும் நம் மனது நம்பத் தயாராகிவிடுகிறது. இப்போது 7, 24 போடுங்கள். கர்ணம் 25 வர வேண்டும். செய்யுளின்படி 21-ஓடு மூன்றரை, இருபத்து நாலரைதான் வருகிறது. கைக்கணக்குக்கு உதவும் நல்ல தோராயம் அது. ஆனால் தேற்றம் ஆகாது. எத்தனை உதாரணம் பொருந்தினாலும் அடுத்தது பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த உத்தரவாதத்தைத் தருவதுதான் நிரூபணம்.

பிதாகரஸ் தேற்றத்துக்கு வருவோம். செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதல் என்பதுதான் அது. பழைய வடமொழி நூலான போதாயன சுல்ப சூத்திரம், செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் இழுத்துக் கட்டிய கயிறு உண்டாக்கும் பரப்பு, நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூடுதல் என்று சொல்கிறது. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் 47-வது கூற்றாக இதை நிரூபித்தார். 1876-ல் கார்ஃபீல்டு என்பவர் ஒரு சரிவகத்தை வைத்தே நிரூபித்துக் காட்டினார். பிறகு அவர் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார். 2023-ல் அமெரிக்காவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள், கெல்சியா ஜான்சனும் நகியா ஜாக்சனும், முக்கோணவியல் வழியாகப் புதிய நிரூபணம் கொடுத்தார்கள். அப்போது உங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்த பெண்கள் அவர்கள். இத்தனை நூற்றாண்டுகளுக்கு அப்புறமும் இந்தத் தேற்றத்தில் புதுவழி திறக்கிறது.

சரி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே அளவாக நான்கு செங்கோண முக்கோணங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். குட்டைப் பக்கமும் நெட்டைப் பக்கமும் சேர்ந்த நீளத்தில் ஒரு பெரிய சதுரம் வரையுங்கள். நான்கு முக்கோணங்களையும் நான்கு மூலைகளில் சுழற்சியாக வையுங்கள். நடுவில் கர்ணத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம் காலியாக நிற்கும். அப்புறம் அதே நான்கையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு செவ்வகங்களாக்கி, எதிரெதிர் மூலைகளில் ஒதுக்குங்கள். இப்போது காலியிடம் இரண்டு சதுரங்கள்: ஒன்று குட்டைப் பக்கத்தின் மேல், மற்றது நெட்டைப் பக்கத்தின் மேல். பெரிய சதுரம் மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை. ஆகவே காலியிடமும் மாறவில்லை. தேற்றம் வந்துவிட்டது.

பெரும்பாலும் இங்கேயே கைதட்டி முடித்துவிடுகிறோம். தயவுசெய்து முடிக்காதீர்கள். நடுவில் நின்றது சதுரம் என்று யார் சொன்னது? நான்கு பக்கமும் கர்ணம்தான், ஒத்துக்கொள்கிறேன். சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கமும் சமம்தானே! கோணத்தைப் பாருங்கள். பெரிய சதுரத்தின் பக்கத்தில் இரண்டு முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளியில் மொத்தம் 180 பாகை. அதில் ஒருபுறம் ஒரு முக்கோணத்தின் சிறிய குறுங்கோணம், மறுபுறம் அடுத்ததன் பெரிய குறுங்கோணம். செங்கோண முக்கோணத்தில் அந்த இரண்டும் சேர்ந்து 90. மிச்சம் 90. இங்கேதான், இந்த வரியில்தான், செங்கோணம் வேலை செய்கிறது. முக்கோணம் சதுரத்தின் மூலையில் பிசிறில்லாமல் பொருந்தியதே, அதுவும் செங்கோணத்தால்தான்.

கண்ணுக்குத் தெரிகிறதே, இவ்வளவு நோண்ட வேண்டுமா என்று ஒரு தம்பி முகத்தில் கேள்வி தெரிகிறது. கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன். 8-க்கு 8 சதுரத்தை இரண்டு செங்கோண முக்கோணமாகவும் இரண்டு சரிவகமாகவும் வெட்டலாம். முக்கோணத்தின் பக்கங்கள் 3, 8. சரிவகத்தின் இணைப்பக்கங்கள் 3, 5, உயரம் 5. இந்த நான்கையும் மாற்றி அடுக்கினால் 5-க்கு 13 செவ்வகம் வருகிறது. 64 சதுர அலகு 65 ஆகிவிட்டது! அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தாலும் இடைவெளி கண்ணில் படாது. ஆனால் முக்கோணத்தின் சாய்வு எட்டுக்கு மூன்று, சரிவகத்தின் சாய்வு ஐந்துக்கு இரண்டு. 0.375, 0.4. இரண்டும் ஒரே நேர்கோடு இல்லை. மூலைவிட்டம் நெடுக ஊசி போல ஒரு ஒல்லி இணைகரம் திறந்து கிடக்கிறது. அதன் பரப்பு சரியாக 1. நடுவில் இருப்பது சதுரமா என்று கேட்கும் பிள்ளை இந்தப் படத்தில் ஏமாறாது.

இரண்டு குறுங்கோணம் சேர்ந்து 90 என்றோமே, அது மூன்று கோணங்களின் கூடுதல் 180 என்பதிலிருந்து வந்தது. பூமி உருண்டை மேல் அது நடக்காது. நிலநடுக்கோட்டில் ஒரு பக்கத்தை வைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் வடதுருவத்துக்குப் போங்கள். முனைகளுக்கு இடையே 90 பாகை தீர்க்க ரேகை இருந்தால் மூன்று கோணமும் செங்கோணம், மூன்று பக்கமும் சமம். ஒரு பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் கூடுதலாக அங்கே எப்படி இருக்க முடியும்? தட்டையான தளம் என்பதும் கொடுத்த தகவல்தான். அதுவும் நிரூபணத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

உங்கள் பாடத்தில் இருக்கும் படத்தை வைத்தே இன்னும் அழகான ஒரு நிரூபணம் கிடைக்கிறது. செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து இறக்குகிறோம். முக்கோணம் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு துண்டும் பெரிய முக்கோணத்துக்கு வடிவொத்தவை, அதாவது அளவு வேறானாலும் கோணங்கள் அதே. குட்டைப் பக்கம் ஒரு துண்டுக்குக் கர்ணம், நெட்டைப் பக்கம் மற்றதற்குக் கர்ணம். சிறிய துண்டும் பெரிய துண்டும் சேர்ந்தால் முழு முக்கோணம், வெட்டியதே அப்படித்தான். வடிவொத்த உருவங்களின் பரப்பு பக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். அதனால் துண்டுகளுக்குப் பதில் அந்தந்தக் கர்ணத்தின் மேல் சதுரத்தை வைத்தாலும் கூட்டல் அப்படியே நிற்கும். செங்கோணம் எங்கே? உச்சியில் 90 இல்லாவிட்டால் துண்டுகள் முழுமைக்கு வடிவொத்தவையாக இருக்காது.

கடைசியாக ஒரு விஷயம். கன்னங்குறிச்சிப் பக்கம் வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் முளை அடித்து நூல் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 வந்தால் மூலை சரி என்கிறார். அவர் பயன்படுத்துவது தேற்றத்தை அல்ல, அதைத் திருப்பிப் போட்ட மறுதலையை: வர்க்கக் கணக்கு பொருந்தினால் மூலை செங்கோணம். யூக்ளிடின் 48-வது கூற்று. தேற்றம் உண்மை என்பதால் மறுதலையும் உண்மையாகிவிடாது, தனியாக நிரூபிக்க வேண்டும். 3, 4 பக்கங்களோடு ஒரு செங்கோண முக்கோணத்தைத் தனியே வரையுங்கள். தேற்றத்தின்படி அதன் கர்ணம் 5. கொத்தனாரின் முக்கோணமும் 3, 4, 5. ப-ப-ப விதிப்படி இரண்டும் சர்வசமம். எனவே அவருடைய மூலை 90.

ஏற்காட்டில் சரிவான மண்ணில் நூலைத் தரையோடு ஒட்டிக் கட்டி இதையே செய்தால், 90 வருவது அந்தச் சரிவின் தளத்தில். வீட்டு வரைபடம் மட்டமான தளத்துக்கு உரியது. மேலிருந்து நேராகப் பார்த்தால் அந்த மூலை செங்கோணமாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மலையில் நூலை மட்டம் பார்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து வந்த மாணவர்களுக்கு என் கேள்வி இது: ஒரு நூல் மட்டமாக இருந்து, மற்றது மட்டும் சரிவில் இறங்கினால், வரைபடத்தில் மூலை 90-ஆகவே இருக்குமா? ஆம் என்றால், நூல் மட்டமாக இருப்பதை எந்த வரியில் பயன்படுத்தினீர்கள்?