கணக்கில் ஏறாத தடுப்புகள்

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டைப் பற்றி ஓர் உரை என்றதும் கிரிக்கெட்டைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். தோட்டத்தில் கரப்பந்தாட்டம், பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிரிக்கெட். மலையகத்தின் விளையாட்டு அநேகமாக இதற்குள் அடங்கிவிடும். கூடைப்பந்து என்றால் கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளின் ஆட்டம் என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நடைபாதைக் கடைகளில் தொங்குகிற கையில்லாத பனியன்களைப் பாருங்கள். 23, 24, 30 என்று எண்கள். அவற்றைப் போட்டுத் திரிகிற பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால், "ஜோர்டன் ஆறு கிண்ணம் சேர், ஐந்து எம்.வி.பி. சேர்" என்று ஒப்பிப்பார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பற்றிக் கைத்தொலைபேசியில் பார்த்த பட்டியல். எம்.வி.பி. என்றால் ஆண்டின் மிகப் பெறுமதியான வீரர் விருது. தவறில்லை, கணக்கும் சரிதான்.

விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பட்டியல்கள் மீது ஒரு சந்தேகம் உண்டு. ஒரு வீரருக்கு எத்தனை விருது என்று பார்ப்பதற்கு முன்னால், அதை யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டில் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். இது நமக்குப் புதிய விஷயம் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கிலோக் கழிக்கும்போது, கூடையில் இருந்தது ஒன்று, புத்தகத்தில் ஏறியது வேறொன்று என்று நம் பெண்களுக்குத் தெரியாதா?

பில் ரசலை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்தில் பிறந்த கறுப்பின வீரர். பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவகாலங்கள் ஆடினார். அவற்றில் 11 தடவை அந்த அணி, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யின் சாம்பியன். ஜோர்டனுடைய ஆறைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் ரசல் பெரிதாகப் புள்ளி குவிக்கிறவர் இல்லை. ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளிதான். அவருடைய வேலை கூடைக்கடியில் நின்று எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது. தட்டுவதிலும் ஒரு நுட்பம் இருந்தது. பலர் பந்தை ஓங்கி அடித்துப் பார்வையாளர் பக்கம் அனுப்பிக் கைதட்டு வாங்குவார்கள். பந்து வெளியே போனால் அது மறுபடி எதிரணிக்குத்தானே? ரசல் பந்தை மெல்லத் தட்டித் தன் அணிக்காரன் கைக்கே போகும்படி விடுவார். அடுத்த கணம் செல்டிக்ஸ் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, அப்படி அவர் எத்தனை எறிதல்களைத் தடுத்தார்? என்.பி.ஏ. ஏட்டில் அதற்கு விடை கிடையாது. தடுப்புகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவகாலத்தில்தான். ரசல் 1969இல் ஓய்வுபெற்றுவிட்டார். ஆட்டத்தின் மிகச் சிறந்த தடுப்பாளர் என்று பலரும் சொல்கிற மனிதருக்கு, ஏட்டில் ஒரு தடுப்புக்கூட இல்லை. கைத்தொலைபேசிப் பட்டியலில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும்.

1961-62 பருவகாலத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். அந்த ஆண்டு வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். மார்ச் 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. அதை இன்றுவரை யாரும் எட்டவில்லை. அப்படியானால் அந்த ஆண்டின் மிகப் பெறுமதியான வீரர், அதாவது எம்.வி.பி., யார்? ரசல்! அந்தக் காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்கள். களத்தில் அவரை எதிர்த்து ஆடி மூச்சு வாங்கியவர்கள். அதே ஆண்டு பத்திரிகையாளர்கள் தெரிவுசெய்த சிறந்த ஐவர் அணியில் சேம்பர்லினுக்கு இடம், ரசலுக்கு இரண்டாவது அணியில்தான் இடம். ஆடுகிறவர்கள் முதல்வர் என்று சொன்னவரை, பார்த்து எழுதுகிறவர்கள் இரண்டாவது வரிசையில் வைத்தார்கள். 1980-81இலிருந்து எம்.வி.பி. வாக்கும் ஊடகக்காரர் கைக்குப் போய்விட்டது. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை.

பயிற்றுவிப்பாளராகவும் ரசலுக்கு ஒரு கதை உண்டு. 1966இல் செல்டிக்ஸ் பயிற்றுவிப்பாளர் ரெட் அவர்பாக் விலகியபோது அந்தப் பொறுப்பு ரசலிடம் வந்தது. என்.பி.ஏ.யில் தலைமைப் பயிற்றுவிப்பாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். ஆடிக்கொண்டே பயிற்றுவித்தார். 1968இலும் 1969இலும் கிண்ணம் வென்றார். கடைசி வெற்றி லொஸ் ஏஞ்சலிஸில், லேக்கர்ஸ் அணியின் சொந்த மைதானத்தில். லேக்கர்ஸ் உரிமையாளர் வெற்றியைக் கொண்டாட ஆயிரக்கணக்கான பலூன்களைக் கூரையில் கட்டிவைத்திருந்தார். செல்டிக்ஸ் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் மேலேயே நின்றுவிட்டன.

இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் என்ற விருதை அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். வாங்கியவர் தோற்ற அணியின் ஜெரி வெஸ்ட். கடைசி ஆட்டத்தில் மட்டும் 42 புள்ளி எடுத்தவர். தோற்ற அணி வீரர் ஒருவர் அதைப் பெற்றது அந்த ஒரு தடவைதான். பாவம் வெஸ்ட், ஒன்பது முறை இறுதிச் சுற்றுக்குப் போய் 1972இல் ஒரே ஒரு தடவைதான் வென்றார். ஆனால் என்.பி.ஏ. சின்னத்தில் பந்தோடு ஓடுகிற அந்த வெள்ளை உருவம் அவருடையது. ரசலோ அந்த இறுதிச் சுற்று விருதைத் தன் வாழ்நாளில் வாங்கியதேயில்லை. 2009இல் விருதுக்கே பில் ரசல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

இந்த மனிதர் வெளியில் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் ஒரு காட்சி ஆட்டத்துக்குப் போன இடத்தில், கறுப்பின வீரர்களுக்கு ஹோட்டலில் சாப்பாடு தர மறுத்துவிட்டார்கள். ரசலும் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆடாமல் ஊர் திரும்பினார்கள். 1975இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தபோது விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன்னால் அந்த இடத்துக்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் நிலைப்பாடு. என்.பி.ஏ. அணியொன்று தெரிவுசெய்த முதல் கறுப்பின வீரர் சக் கூப்பர். 1950இல் அவரை எடுத்ததும் செல்டிக்ஸ் அணிதான். கூப்பருக்கு 2019இல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்த பிறகுதான் ரசல் தன்னுடைய புகழ் மண்டப மோதிரத்தை வாங்கிக்கொண்டார். 44 ஆண்டு காத்திருப்பு! 2022இல் அவர் காலமானதும் அவருடைய 6ஆம் எண்ணை முழு என்.பி.ஏ.யிலும் இனி எவருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

பயிற்றுவிப்பாளர்களுக்கான விருதில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பில் ஜக்சன் சிக்காகோவுக்கு ஆறு, லேக்கர்ஸுக்கு ஐந்து என்று 11 கிண்ணம் வென்று கொடுத்தார். ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருது? ஒன்றே ஒன்று, 1996இல். யூட்டா அணியை 23 பருவகாலங்கள் நடத்திய ஜெரி ஸ்லோன் தன் பயிற்றுவிப்புக் காலம் முழுவதிலும் 1,221 வெற்றி பெற்றும் அதை ஒருமுறைகூட வாங்கவில்லை. காரணம், அந்த விருது பெரும்பாலும் எதிர்பாராமல் முன்னேறிய அணிக்குப் போகிறது. ஒவ்வோர் ஆண்டும் நன்றாகவே செய்கிறவரைப் பார்த்து யாருக்கு வியப்பு வரும்? பாடசாலையிலும் அதேதான். முப்பதிலிருந்து அறுபதுக்கு வந்த வகுப்பின் ஆசிரியருக்கு மாலை. எப்போதும் எண்பது எடுக்கும் வகுப்பின் ஆசிரியரை யாரும் கண்டுகொள்வதில்லை.

கிரெக் பொப்போவிச் ஒரு விதிவிலக்கு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை 1996 கடைசியில் பொறுப்பேற்று, அந்த ஒரே அணியோடு 1,422 வெற்றி. என்.பி.ஏ. பயிற்றுவிப்பாளர்களில் இதுவே அதிகம். ஐந்து கிண்ணம், மூன்று தடவை சிறந்த பயிற்றுவிப்பாளர். அந்த ஐந்து கிண்ணத்திலும் கூட இருந்தவர் டிம் டங்கன். கரீபியன் கடலில் சென் குரோய் என்ற தீவுப் பையன். நீச்சல் வீரனாகத்தான் வளர்ந்தார். 1989இல் ஒரு சூறாவளி வந்து தீவின் நீச்சல் தடாகத்தை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு தாயும் புற்றுநோயில் போனார். அதன் பிறகுதான் பந்தைத் தொட்டார். 19 பருவகாலமும் அந்த ஒரே அணி. முகத்தில் சிரிப்போ கோபமோ அதிகம் தெரியாது. விளம்பரக்காரர்களுக்கு அவரை வைத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை போலும். நடைபாதைக் கடையில் அவருடைய 21ஆம் எண்ணை நான் கண்டதேயில்லை.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1891இல் பீச் பழக்கூடையை உடற்பயிற்சிக்கூடத்தின் மாடி விளிம்பில் மாட்டி ஆட்டத்தைத் தொடங்கியவர். புகழ் மண்டபமே அவர் பெயரில் இருக்கிறது. கென்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தபோது வென்றது 55, தோற்றது 60. அங்கே இருந்த பயிற்றுவிப்பாளர்களில் வெற்றியை விடத் தோல்வி கூடியவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் யான்னிஸ் அன்டெட்டோகும்போ. இவருடைய கதையை நம் ஆட்கள் அவசியம் கேட்க வேண்டும். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து கிரேக்க நாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள். 1994இல் ஏதென்ஸில் பிறந்தார், அங்கேயே படித்தார், கிரேக்க மொழி பேசி வளர்ந்தார். அண்ணனும் தம்பியுமாகத் தெருவில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்றார்கள். ஆனால் கிரேக்கக் குடியுரிமை கிடையாது. நைஜீரியக் கடவுச்சீட்டும் கையில் இல்லை. பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்.

நாடற்றவர் என்பதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை என்ன செய்தது, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை குடும்பங்களைப் பாதியாகப் பிரித்து இந்தியாவுக்குப் போகும் இராமானுஜம் கப்பலில் ஏற்றியது, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் நம் வீடுகளில் பேசிக் கேட்டவைதான்.

யான்னிஸுக்கு 2013 மே மாதத்தில் குடியுரிமை கொடுத்தார்கள். அடுத்த மாதம் என்.பி.ஏ.யின் மில்வாக்கி அணி அந்த ஆண்டின் புதிய வீரர் தெரிவில் அவரை 15ஆவது ஆளாக எடுத்தது. இந்த இரண்டும் அடுத்தடுத்து நடந்தது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். உயரமும் திறமையும் இல்லாத தெருப் பையன்களுக்கு அந்தக் கடதாசி அவ்வளவு வேகமாக வந்திருக்குமா? அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 2019இலும் 2020இலும் எம்.வி.பி. 2020இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் சேர்ந்து வந்தது. ஒரே பருவகாலத்தில் இந்த இரண்டையும் பெற்றவர்கள் ஜோர்டன், ஹக்கீம் ஒலாஜுவன், இவர் என்று மூன்றே பேர். 2021 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து, மில்வாக்கிக்கு 50 ஆண்டுக்குப் பிறகு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

பெண்களில் லூசியா ஹரிஸ். மிசிசிப்பி மாநிலத்தில், நிலத்தில் பாடுபட்ட குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் பருத்தி எடுத்தவர். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குக் கூடைப்பந்து முதன்முதலாக வந்தது. அதில் முதல் கூடையைப் போட்டவர் இவர். அமெரிக்க அணிக்கு வெள்ளிப் பதக்கம். 1977இல் நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் அணி இவரைப் புதிய வீரர் தெரிவின் ஏழாவது சுற்றில் எடுத்தது. இவர் போகவில்லை, அப்போது கர்ப்பமாக இருந்தார். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. வந்தது 1997இல்தான். இருபது ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் அவருடைய பட்டியல் எவ்வளவு நீண்டிருக்கும்! புகழ் மண்டபம் 1992இல் அவரைச் சேர்த்தது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

நம் பாடசாலைகளில் வலைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். உங்கள் வளையமும் என்.பி.ஏ. வளையமும் ஒரே உயரம்தான், பத்து அடி. ஆனால் உங்களுக்குப் பின்னால் பலகை இல்லை, வளையமும் சின்னது. அவர்களுக்கு 45 சென்டிமீற்றர், உங்களுக்கு 38. ஆக, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் பலகையின் துணையில்லாமல் அந்தச் சின்ன வளையத்தில் போட்டுத்தான் 2009, 2018, 2022 ஆண்டுகளில் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வாங்கித் தந்தார். 208 சென்டிமீற்றர் உயரம் இருந்தால் போதும் என்று யாரும் சொல்ல வேண்டாம். உயரமான ஆளுக்கும் கை நடுங்கும்.

எல்லாக் காலத்திலும் சிறந்த வீரர் யார் என்று நிலையத்துக்கு வந்ததும் தயாரிப்பாளர் என்னிடம் கேட்டார். 1980இல் அமெரிக்கக் கூடைப்பந்து எழுத்தாளர்கள் ரசல் என்று வாக்களித்தார்கள். அப்போது ஜோர்டன் இன்னும் பாடசாலை மாணவன், அதனால் அந்த வாக்கை இன்றைக்குக் கொண்டுவந்து வைப்பது நியாயமில்லை. என்றாலும் என் வாக்கும் ரசலுக்குத்தான். ஜோர்டன் ரசிகர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதலாம். நன்றி, வணக்கம்.